துணிகளுக்கு அடியில் மூன்று புத்தகங்கள்



சென்னையில் குடியிருக்கும் ஒரு சகோதரி சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கைப்பட எழுதி, அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சித்தூருக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்த குடும்பம் அது. மகன் திருப்பதியில் விடுதியில் தங்கி மேற்படிப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவனுடைய பெட்டியை, துணி துவைக்க வேண்டுமென்று அந்தத் தாய் திறந்திருக்கிறார். துணிகளுக்கு அடியில் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று, டாக்டர் ராதாகிருஷ்ணன் மொழிபெயர்த்து உரை எழுதிய உபநிஷத்துகள். மற்றொன்று, அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள், தெலுங்கில். மூன்றாவது, ரூமி என்னும் பாரசீகக் கவிஞரின் பாடல்கள், ஆங்கிலத்தில்.

"பாஸ்டர் ஐயா, என் பிள்ளை கைவிட்டுப் போகிறானா? இவற்றை எரித்துப்போடலாமா? எரித்தால் அவனையும் இழந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது" என்று அவர் கேட்டிருந்தார்.

உங்களில் பலருக்கு உடனே ஒரு பதில் நாவில் வந்திருக்கும். எனக்கு இருபத்தாறு வயதாயிருந்தபோது இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தைக் காண்பித்து, "தாமதியாமல் எரித்துப்போடுங்கள்" என்று சொல்லியிருப்பேன். எபேசு பட்டணத்தில் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு மதிப்புள்ள புத்தகங்கள் சுட்டெரிக்கப்பட்ட சம்பவம் அது. ஆனால் அந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். அங்கே எரிக்கப்பட்டவை மாயவித்தைப் புத்தகங்கள். எரித்தவர்கள், அந்த வித்தைகளைத் தாங்களே செய்துவந்தவர்கள். தங்கள் சொந்தப் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்தார்கள். அடுத்தவன் பெட்டியைத் திறந்து யாரும் எடுத்து வரவில்லை.

அதற்கு இரண்டு அதிகாரங்களுக்கு முன்னே, அதே பவுல் அத்தேனே பட்டணத்தில் நின்று புறஜாதிக் கவிஞர்களைத் துணைக்கு அழைக்கிறார். அந்தக் கவிஞர்களில் ஒருவர் அராத்து என்று வேத அறிஞர்கள் சொல்லுகிறார்கள். பவுல் பிறந்த சிலிசியா நாட்டுக்காரர். அவருடைய பாடல் யாரைக் குறித்துப் பாடப்பட்டது தெரியுமா? சேயு தேவனைக் குறித்து. பவுல் அதைப் படித்திருந்தபடியால்தான் எடுத்துச் சொல்ல முடிந்தது. தானியேலும் அவனுடைய தோழரும் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். ராஜாவின் போஜனத்தை வேண்டாமென்றார்கள். ராஜாவின் நூலகத்தை வேண்டாமென்றதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

பிரியமானவர்களே, இங்கே என் சொந்தக் குறைவு ஒன்றை அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

1994ஆம் ஆண்டு, வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து, சித்தூரில் ஊழியத்தைத் தொடங்கியிருந்தேன். ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர் ஒருவர் குடியிருந்தார். சித்தூர்வாசிகளுக்கே உரிய விதமாகத் தமிழையும் சரளமாகப் பேசுவார். ஒரு மாலை, தெருமுனையில் பிரசங்கம் செய்தபோது உற்சாக மிகுதியால், "ஏழுமலையைப் பாடினவர்களுக்குக் கிருபை என்றால் என்னவென்றே தெரியாது, கொடுத்தால்தான் கிடைக்கும் என்பதே அவர்கள் மார்க்கம்" என்று சொல்லிவிட்டேன். கேட்டவர்களில் நம்முடையவர்கள் அல்லேலூயா என்றார்கள்.

மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினேன். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பாஸ்டர் காரு, நேற்று நீங்கள் பேசியதைக் கேட்டேன். அந்தப் பாட்டுகளை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலவே கேட்டார். நான் ஒன்றையும் படித்திருக்கவில்லை. கல்லூரியில் எழுதிக்கொண்ட நான்கு பக்கக் குறிப்பு மட்டுமே என்னிடம் இருந்தது. அந்தக் குறிப்பை எழுதக் கொடுத்தவரும் படித்திருந்தாரோ என்னவோ.

"படிக்கவில்லை, ஐயா" என்றேன். உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார். மாடிக்குக் கொண்டுபோய், விசுவாசிகள் யாராவது பார்த்துவிடுவார்களென்று, செய்தித்தாளால் அட்டை போட்டேன். ஆகவே, இன்றைக்கு ஒரு வாலிபன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தான் என்று கேட்கும்போது, அவனைக் குற்றப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

என் தெலுங்கு அப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கும் தெலுங்கு. ஆகையால் மாலை நேரங்களில் அவரே வாசித்துத் தமிழில் பொருள் சொன்னார். தாளப்பாக்கம் என்ற ஊரில் 1408இல் பிறந்த அன்னமாச்சாரியார், பதினாறாம் வயது முதல் பாடத் தொடங்கி, 1503இல் மறையும்வரை திருமலைப் பெருமாள்மேல் முப்பத்திரண்டாயிரம் கீர்த்தனைகள் பாடியதாகச் சொல்லுவார்கள். நமக்குக் கிடைத்திருப்பவை பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியார் காலத்திலே அவற்றைச் செப்பேடுகளில் வெட்டுவித்தார்கள். சுமார் 2,500 செப்புத் தகடுகள்! திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிறிய கல்லறையில் (நாம் சொல்லும் கல்லறை அல்ல, கல்லாலான அறை) அவற்றை வைத்தார்கள். பிறகு, நாட்டில் அரசுகள் மாறின. பாடுவோர் குறைந்தார்கள். அந்த அறையை ஏறக்குறைய மறந்துபோனார்கள். 1920களில்தான் தகடுகள் வெளியே கொண்டுவரப்பட்டு, பின்னர் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தார்கள். இன்று வானொலியில் நீங்கள் கேட்கும் அன்னமய்யா பாட்டுகள் அந்த இருட்டறையில் பல நூறு ஆண்டுகள் கிடந்தவை.

இதைக் கேட்டபோது, எருசலேம் தேவாலயத்தைப் பழுதுபார்க்கையில் நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுத்த இல்க்கியாவின் ஞாபகம் எனக்கு வந்தது. சொந்த ஆலயத்துக்குள்ளேயே சொந்தப் புத்தகத்தைத் தொலைப்பது எந்த ஜனத்துக்கும் நேரக்கூடியதே.

அன்னமாச்சாரியாரின் ஒரு கீர்த்தனை எல்லோருக்கும் தெரிந்தது. பரம்பொருள் ஒன்றே என்பது அதன் பல்லவியின் கருத்து. ராஜா தூங்கும் தூக்கமும் அவன் வாசலில் காவலாள் தூங்கும் தூக்கமும் ஒன்றே. அந்தணன் மிதிக்கும் பூமியும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவன் நிற்கும் பூமியும் ஒன்றே. யானையின்மேல் விழும் வெயில்தான் நாயின்மேலும் விழுகிறது என்று பாடிக்கொண்டே போகிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே இதைப் பாடியவர் அந்தணர். சூரியனைக் குறித்து நம்முடைய ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னது உங்களுக்கும் ஞாபகம் வரும்.

கிருபையைக் குறித்தோ, நான் இன்னும் அதிகமாய் வெட்கப்பட வேண்டியதாயிற்று. அன்னமாச்சாரியார் இராமாநுஜருடைய வழியில் வந்தவர். அந்த வழியாரிடையே பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளிலேயே ஒரு பெரிய விவாதம் எழுந்திருக்கிறது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளுகிறது, பற்றினால்தான் பிழைக்கும். பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே கவ்விக்கொண்டு போகிறது. தேவன் மனுஷனை இரட்சிப்பது எந்த விதமாக? மனுஷன் பற்ற வேண்டுமா, தேவனே கவ்விக்கொண்டு போகிறாரா? வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் ஒரு பக்கம், பிள்ளை லோகாச்சாரியாரைப் பின்பற்றும் தென்கலையார் மறுபக்கம். வேதாகமக் கல்லூரியில் கால்வினையும் அர்மீனியுவையும் வைத்து மூன்று மாதம் படித்த அதே வழக்கு, என் கீழ்வீட்டுத் திண்ணையில் பூனைக்குட்டியாக உட்கார்ந்திருந்தது. இவர்களுக்குக் கிருபை என்ற வார்த்தையே தெரியாது என்று தெருமுனையில் நின்று நான் கத்தியிருந்தேன்.

சில நாட்களுக்குப்பின் அவர், "இப்போது உங்கள் புத்தகத்தைக் கொடுங்கள்" என்றார். லூக்கா சுவிசேஷத்தைத் தெலுங்கில் கொடுத்தேன். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு முழுவதும் வாசித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் ஆண்டவர் தெருக்களிலும் வீதிகளிலும் இருக்கிற எல்லோரையும் ஒரே விருந்துக்கு அழைக்கிறார். நான் வேலைபார்த்த ஓர் ஊரில் உங்கள் ஆட்களுக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இருந்தன, இந்த ஜாதிக்கு ஒன்று, அந்த ஜாதிக்கு ஒன்று. ஏன் பாஸ்டர் காரு?"

என்னிடத்தில் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஜாதி பார்த்துப் பெண் கொடுக்கும் விசுவாசிகள் இந்தப் பத்தியை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. இந்தச் சாட்சியை நான் அப்படித்தான் முடிக்கவேண்டும் என்று உங்களில் சிலர் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் நடந்ததையே எழுதுகிறேன். அவர் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய், அங்கேயே காலமானார்.

அந்தப் பிள்ளையின் பெட்டியில் இருந்த முதல் புத்தகத்துக்கும் திருப்பதிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதை நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். 1896இல் அவரைத் திருப்பதிக்கு அனுப்பி, ஜெர்மனி தேசத்து எர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். அதன்பின் வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. எட்டு வயது முதல் பட்டம் பெறும்வரை பெரும்பாலும் மிஷனரிகளிடம் படித்தவர். பிற்காலத்தில் தன்னைக் குறித்து எழுதும்போது, மிஷன் பள்ளிகளில் தன் மார்க்கத்தை அவர்கள் பேசிய விதம் தன்னைப் புண்படுத்தியதென்றும், அந்தக் கண்டனமே இந்து மார்க்கத்தில் உயிருள்ளது எது, செத்தது எது என்று ஆராயத் தன்னைத் தூண்டியதென்றும் குறிப்பிட்டிருக்கிறார். அப்படி ஆராயத் தொடங்கியவர் 1936இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1948இல் பகவத்கீதை, 1950இல் தம்மபதம், 1953இல் முக்கிய உபநிஷத்துகள் என்று ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1962இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

திருப்பதியிலே, நம்முடைய பள்ளிக்கூடத்திலே, ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேதாகமம் கற்றுக்கொடுத்தார்கள். அவனுடைய வீட்டில் தாய் பூஜை செய்வதை இழிவாகப் பேசவும் செய்தார்கள். எது அவன் மனதில் தைத்தது என்று பாருங்கள்.

ஆனாலும் எல்லா ஆசிரியர்களையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி இருந்தார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக ராதாகிருஷ்ணன் தம் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வை எழுதியபோது, ஆசிரியர் என்ன சொல்வாரோ என்று பயந்தாராம். ஹாக் அதைப் புகழ்ந்து நற்சான்று கொடுத்தார். இந்த ஹாக் ஒன்றும் கொள்கையை விட்டுக்கொடுத்தவரல்ல. "கர்மமும் மீட்பும்" என்ற பொருளில் அவர் எழுதிய நூல் 1909இல் வெளிவந்தது. கர்மம் என்பது கணக்குப் புத்தகத்தைப்போல நீதி செய்கிறது, சிலுவையோ கணக்குக்கு அப்பாற்பட்ட அன்பு என்ற வேறுபாட்டை, எதிர்த்தரப்பின் வலிமையை முழுதும் ஒப்புக்கொண்டு காட்டுகிறார். படித்த பின்பு மறுப்பது வேறு. நான் சித்தூர் தெருமுனையில் செய்தது வேறு.

நானும் ராதாகிருஷ்ணனோடு ஒத்துப்போகிறவனல்ல. எல்லா மார்க்கங்களின் ஆழத்திலும் ஒரே அனுபவம் இருக்கிறது, கொள்கைகள் அதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கங்களே என்பது அவருடைய நிலை. நம்முடைய சுவிசேஷமோ ஓர் அனுபவத்தின் பெயரல்ல. பொந்தியு பிலாத்துவின் நாட்களில், ஒரு பட்டணத்துக்கு வெளியே, மரத்தில் தூக்கப்பட்ட ஒருவரைக் குறித்த செய்தி அது. அதை விளக்கம் என்று ஒதுக்கிவிட்டால் மீதியிருப்பது வேறொன்று. ஆகிலும் ஒன்று சொல்லுகிறேன். "எல்லாம் ஒன்றே" என்கிறவர்களும் "எல்லாம் பிசாசினுடையதே" என்கிறவர்களும் பெரும்பாலும் வாசிக்காதவர்கள். ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் இருந்த மூன்று புத்தகங்களும் ஒன்றோடொன்று வழக்காடிக்கொண்டிருப்பவை. ஆன்மாவும் பிரம்மமும் இறுதியில் ஒன்றே என்னும் அத்வைதத்தின் பக்கம் சாய்ந்து உரை எழுதுகிறார் ராதாகிருஷ்ணன். அன்னமாச்சாரியார் அதற்குத் தலையசைக்க மாட்டார். அடியவன் அடியவனாகவே இருந்து சேவிக்க வேண்டும் என்பதே அவருடைய மார்க்கம். ரூமியோ 1207இல் பிறந்து கொன்யா நகரத்தில் வாழ்ந்து 1273இல் மறைந்த இஸ்லாமிய மார்க்க அறிஞர். ஏக இறைவனுக்கு இணைவைப்பதை அவர் கனவிலும் ஏற்றிருக்க மாட்டார். (ஆங்கிலத்தில் அழகாக அச்சிட்டு விற்கப்படும் சில வடிவங்களில் அவருடைய குர்ஆன் மேற்கோள்களையெல்லாம் உருவிவிட்டு, காதல் கவிஞரைப்போல் ஆக்கியிருக்கிறார்கள். 1925 முதல் 1940 வரை நிக்கல்சன் என்பவர் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட மஸ்னவியைப் பார்த்தால் வேறு மனிதர் தெரிவார்.)

இன்னொரு காரியம் என் மனதை அதிகமாய் உறுத்துகிறது. தேவனை ருசித்தறிய வேண்டுமென்ற தாகம் அந்தப் பிள்ளைக்கு இருந்திருக்கிறது. அனுபவத்தைக் குறித்து மற்றெல்லாச் சபைகளையும்விட அதிகமாகப் பேசுகிற சபை நாம்தான். அவனுக்கு வாசிக்க நாம் எதைக் கொடுத்தோம்? வாக்குத்தத்த அட்டை, காலண்டர், யூடியூப் இணைப்பு. பாரிஸ் நகரத்து மடத்தின் சமையலறையில் பாத்திரங்களோடு இருந்துகொண்டே தேவசமுகத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸைக் குறித்து எந்த வாலிபர் கூட்டத்திலாவது சொன்னோமா? அவர் 1691இல் மரித்தபின் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்த சிறு நூல் இன்றும் கிடைக்கிறது. ஓட்டலிலும் கட்டட வேலையிலும் வியர்வை சிந்துகிற நம் விசுவாசிகளுக்கென்றே எழுதியதுபோலிருக்கும். தோமா கெம்பிஸ் எழுதிய, கிறிஸ்துவைப் பின்பற்றுவதைக் குறித்த நூலை விவேகானந்தர் கீதையோடு கூடத் தம்முடன் கொண்டுபோனார். 1889இல் அதன் சில அதிகாரங்களை வங்காளத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார். நம்முடைய புத்தகத்தை அவர் ஒளிக்கவில்லை. நம் வீடுகளிலோ அந்தப் புத்தகமே இல்லை.

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரிக்கு நான் எழுதவில்லை. தொலைபேசியில் சுருக்கமாகவே பேசினேன். எரிக்க வேண்டாம், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பார்த்தேன் என்பதை அவனிடத்தில் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றிலிருந்து எதையாவது உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். "நான் எட்டாம் வகுப்பு, ஐயா, எனக்கு என்ன புரியும்?" என்றார். "புரியாததை அவனிடமே கேளுங்கள்" என்றேன். உண்மையில், அவனோடு பேசுவதற்கு அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் "சபைக்குப் போனாயா?" என்ற ஒரே கேள்வியோடு அவர்களுடைய தொலைபேசிப் பேச்சு முடிந்துபோய்க்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. சொன்னபடியே செய்திருக்கிறார். அவன் முதலில் பேசாமல் நின்றானாம். பிறகு, "எந்தப் புத்தகம் அம்மா?" என்று கேட்டானாம். தெலுங்கு என்றால் காதால் கேட்டுப் புரியுமென்று அதையே கேட்டிருக்கிறார். அவன் தாளப்பாக்கத்தாரின் தாலாட்டுப் பாட்டை வாசிக்கத் தொடங்கியதும், அடுத்த அடியை இவர் ராகத்தோடு பாடிவிட்டாராம். இரட்சிக்கப்படாத காலத்தில், சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில், இவருடைய பாட்டி தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடிய பாட்டு அது. பாட்டியின் குரல் நாற்பது வருஷத்துக்குப்பின் காதில் கேட்டதென்று எழுதியிருக்கிறார். மகன் சிரித்துவிட்டானாம். அன்று இரவு பதினொரு மணிவரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். தூங்கப்போகுமுன் அவனே, "ஜெபம் பண்ணலாமா அம்மா?" என்றானாம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி. "ஐயா, நான் அந்தப் பாட்டைப் பாடினது பாவமா?"

பதில் இன்னும் எழுதவில்லை. அந்தக் கடிதம் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் திருப்பதியில் ஒரு கூட்டம் இருக்கிறது. விடுதிக்குப் போய் அவனைப் பார்த்துவரலாமென்றிருக்கிறேன். சகோதரர் லாரன்ஸின் புத்தகத்தை எடுத்துவைத்திருக்கிறேன். இந்த முறை அதற்குச் செய்தித்தாள் அட்டை போடவில்லை.